நூற்றெண்பத்தாறு ஆமாம்

மார்ச் 4, திங்கள்

திட்டுவதற்கு ஆளில்லாததால் இந்த நோட்டை வாங்கினேன். தார்த்து ஊரில் யாரையும் திட்ட முடியாது. எஸ்தோனியர்கள் முழுதாகக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். திட்டினவளுக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் எண்பத்தெட்டு நாள். மே 31 தவறினால் அடுத்த தேதி ஜனவரியில். உதவித்தொகையும் விசாவும் ஆகஸ்ட்டில் முடிகின்றன. அதாவது மே 31 தவறினால் பட்டம் இல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோபிச்செட்டிபாளையம்.

வந்த ஆள், வருகிற ஆள், வராத ஆள். பெயருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு முழு வாக்கியத்தின் வேலையைப் பார்க்கும் அந்தச் சொல்லைப் பள்ளியில் பெயரெச்சம் என்று படித்தோம். உராலிய மொழிகளில் அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. ஃபின்னிஷ், எஸ்தோனியம், ஹங்கேரியம் மூன்றும் அந்தக் குடும்பத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகள். புத்தகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. வோல்கா ஆற்றுப் பக்கமும் சைபீரியாவிலும் இருக்கிற மற்ற சொந்தங்களுக்குத்தான் அலைய வேண்டும். எட்டு மொழியில் ஏழு முடிந்துவிட்டது. எட்டாவது மாரி. நான்காம் அத்தியாயம் முழுக்க மாரிதான். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மாரி பேசுகிறவர்களை இந்த ஊரில் விரல்விட்டு எண்ணலாம். எனக்குக் கிடைத்தவள் அனீஸ்யா. நாற்பத்தொரு வயது. வாரநாளில் பாலர் பள்ளிச் சமையலறை, ஞாயிற்றுக்கிழமை ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. சனி ஒருநாள்தான் அவளுக்கு ஓய்வு. நல்லவேளையாக எனக்கும் அன்று வகுப்பில்லை. செப்டம்பரிலிருந்து சனிக்கிழமை தவறாமல் காலை ஒன்பது மணிக்கு அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறேன். இருவரும் பேசிக்கொள்வது இரவல் எஸ்தோனியத்தில். இங்கே அதை என் ஊர்த் தமிழில்தான் எழுதப்போகிறேன்.

வேலை எளிது. நான் ஒரு மாரி வாக்கியத்தைக் கட்டி வாசிப்பேன். "இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்பேன். சொல்லலாம் என்றால் டிக். கூடாது என்றால் வாக்கியத்தின் தலையில் ஒரு நட்சத்திரம். மொழியியலில் நட்சத்திரம் வாங்குவது கெட்ட பெயர். மொத்தம் நூற்றெண்பத்தாறு வாக்கியங்கள். இதுவரை நூற்று முப்பது ஆயிற்று. எல்லாம் டிக். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

மார்ச் 9, சனி

பனி உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அனீஸ்யா வீட்டு வாசலில் இரண்டு தடவை வழுக்கினேன்.

மூன்றடுக்கு அப்பம், புளித்த பாலாடை, தேநீர். சாப்பிடாமல் ஆரம்பிக்கவே விடமாட்டாள். அவள் மகள் யானா நீச்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போனாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு மனம் அடிக்கடி மாறும்.

இன்று 143. ஆறு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். தமிழில் பெயரெச்சத்துக்கு ஏறக்குறைய எல்லையே கிடையாது. நான் படித்த புத்தகம், நான் படித்த ஊர், நான் படித்த கண்ணாடி. 'பால் பொங்கிப்போன சண்டை' என்றால்கூட நமக்குப் புரியும்: யாரோ சண்டை போட்டார்கள், அடுப்பைக் கவனிக்கவில்லை, பால் போச்சு. ஐரோப்பாவில் இதற்கு இரண்டு மூன்று வாக்கியம் செலவாகும். மாரியும் நம்மைப் போலப் பேசுகிற மொழிதான். பிறந்த ஊர், பிறந்த நாள் என்பதை அப்படியே ஷோச்மோ யால், ஷோச்மோ கெச்சே என்கிறார்கள். அதே தெம்பில் பால் பொங்கிப்போன சண்டையை மாரியில் கட்டி வாசித்தேன்.

அனீஸ்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் எப்போதும் லயித்துத்தான் கேட்பாள்.

"சொல்லலாங்க. அழகா இருக்குது."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான்காம் அத்தியாயத்தின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

பெரியப்பா போன் செய்தார். வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்ற பின் எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்துக்குச் செயலாளர். மாரியில் அக்காவை 'அகா' என்பார்கள் என்று பொங்கலுக்குப் பேசியபோது வாய்தவறிச் சொன்னேன். அன்று பிடித்த சனி.

"அம்மிணி, மே பத்தொம்போது ஞாயித்துக்கெழம இணையக் கூட்டம். நோட்டீஸ் அடிச்சாச்சு. 'பின்லாந்து மொழியின் தாய் தமிழே. முனைவர் செல்வநாயகி நிரூபிக்கிறார்.'"

நான் முனைவர் இல்லை. இது பின்லாந்து இல்லை. தாயும் இல்லை. 'அகா' மாரிக்குப் பக்கத்துவீட்டுத் துருக்கிய மொழிகளிலிருந்து வந்த சொல்.

"சரிங் பெரீப்பா" என்றேன்.

மார்ச் 16, சனி

விடுதி சலவை இயந்திரத்துக்குப் பதிவு செய்த நேரத்தில் வேறு யாரோ துணியைப் போட்டிருந்தார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அழுக்குத் துணியை அறையிலேயே போட்டுவிட்டு அனீஸ்யா வீட்டுக்குப் போனேன். 144 முதல் 158 வரை. எல்லாம் டிக்.

மார்ச் 24, ஞாயிறு

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நேற்றைய ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். 163-க்கு அப்புறம் என் குரல் வாசிப்பது மாரியே இல்லை. உத்முர்த். போன வருடம் முடித்த மொழியின் தாள் ஒன்று எப்படியோ இந்தக் கட்டுக்குள் கலந்திருக்கிறது. நான் பாட்டுக்கு ஒன்பது உத்முர்த் வாக்கியங்களை வாசித்திருக்கிறேன். குளிரில் மூக்கடைப்பு வேறு. என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே உறைக்கவில்லை.

இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் இது பேசுகிறவருக்கு அது புரியாது. கோபியில் ஒருவரிடம் துளுவில் வாசித்துக் காட்டி இது நல்ல தமிழா என்று கேட்பதைப் போன்றது. ஒன்பது தடவையும் அனீஸ்யா என்ன சொல்லியிருக்கிறாள்?

"சொல்லலாங்க."

"சொல்லலாங்க."

ஏழாவதற்கு, "இது ரொம்ப அழகு."

அப்படியானால் மற்ற டிக்கெல்லாம்?

மார்ச் 30, சனி

சோதித்துப் பார்த்தேன். மாரிச் சொற்களைக் குலுக்கிப் போட்டு அர்த்தமில்லாமல் ஐந்து வாக்கியங்கள் செய்துகொண்டு போனேன். ஒன்றில் வினையே கிடையாது. இன்னொன்றில் தயிர் தன் தாத்தாவைத் தைத்துக்கொண்டிருந்தது.

"சொல்லலாங்க" என்றாள். ஐந்துக்கும்.

பின்னால் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் கேனா விழுந்து விழுந்து சிரித்தான். "எவனும் அப்படிப் பேச மாட்டான். குடிச்சிருந்தாக்கூட பேச மாட்டான்."

அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கேனா மலை மாரி. அனீஸ்யா புல்வெளி மாரி. இரண்டும் தனித்தனி எழுத்து, தனித்தனி இலக்கணம். என் ஆய்வு புல்வெளி மாரி பற்றியது. உண்மை சொல்கிற ஒரே ஆள் தப்பான மொழிக்காரனாக இருக்கிறான். என் ஜாதகம் அப்படி.

ஏப்ரல் 2, செவ்வாய்

வழிகாட்டியோடு சந்திப்பு. பேராசிரியர் கைடோ. இங்கே வழிகாட்டியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மூன்று வருடமாக வாய் வரவில்லை, 'சார்' என்றே கூப்பிடுகிறேன். அது அவருக்கு நான் வைத்த இந்தியப் பெயர் என்று நினைத்திருக்கிறாரோ என்னவோ.

"நாலாம் அத்தியாயம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க சார். சில வாக்கியம் மட்டும் சரிபாக்கணும்."

"மே 31?"

"சரிங்க சார்."

வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வேலை அதிகம். இப்போதே சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஏப்ரல் 6, சனி

ஆமாம், இல்லை என்று கேட்டால்தானே சிக்கல்? மதிப்பெண் போடச் சொன்னேன். ஒன்று என்றால் யாரும் பேசாத வாக்கியம், ஐந்து என்றால் தினமும் பேசுவது. இருபது வாக்கியத்துக்கும் ஐந்து கொடுத்தாள். இருபத்தொன்றாவதில் என் முகம் விழுந்ததைக் கவனித்துவிட்டாள். அதற்கு ஆறு கொடுத்தாள்.

ஏப்ரல் 8, திங்கள்

குக்கர் விசிலுக்குத் தீயணைப்பு மணி அடித்துவிட்டது. நான்கு மாடி ஆட்களும் என்னால் தெருவில் நின்றார்கள். பருப்பு வேகவில்லை.

ஏப்ரல் 13, சனி

நேராகவே கேட்டேன்.

"அகா, உண்மையைச் சொல்லுங்க. நான் வாசிக்கறது எல்லாமே சரியாவா இருக்கு?"

தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். அப்பத்தை நகர்த்தினாள். நகர்த்த வேறெதுவும் இல்லாதபோது பதில் சொன்னாள்.

"நீங்க எவ்வளவு தூரத்துல இருந்து வந்து எங்க பாஷைய கத்துக்கறீங்க. பனியில நடந்து வர்றீங்க. எங்கம்மா வீட்டுல, விருந்தாளி சொன்னத தப்புன்னு சொன்னா அன்னைக்கிச் சோறு கெடையாது. உப்பு பத்தலைன்னு விருந்தாளி சொன்னா உப்பு பத்தலை. வெளிய வெயிலடிக்குதுன்னு சொன்னா வெயில்தான்."

"நான் விருந்தாளி இல்லைங்க அகா. நான் ஆராய்ச்சிக்கு வர்றேன்."

"ஆமாங்க" என்றாள்.

அந்த ஆமாமை என்ன செய்வது? கொங்கு நாட்டில் பிறந்தவள் நான். பக்கத்து வீட்டில் கசக்கிற காப்பியைக் கொடுத்தாலும் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிற ஊர். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஏழு மாதம் மேசையில் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு அவளுடைய மரியாதையை டிக் டிக்காகச் சேகரித்திருக்கிறேன். அதற்குப் பக்க எண் போட்டு, அட்டவணை போட்டு, வரைபடம் வேறு.

ஏப்ரல் 20, சனி

பள்ளியில் உருளைக்கிழங்கு நறுக்கும்போது அனீஸ்யா கையை வெட்டிக்கொண்டிருக்கிறாள். பெரிய கட்டு. அப்படியும் அப்பம் சுட்டிருந்தாள். தொட்டியில் பாத்திரம் குவிந்து கிடந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்தேன்.

"ஐயோ, நீங்க உக்காருங்க. விருந்தாளி பாத்திரம் தொடக் கூடாதுங்க."

நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. நானும் எத்தனை நாள்தான் உட்கார்ந்தே சாப்பிடுவது? இரண்டு நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்புறம் நான் மீன் பொரித்த சட்டியைப் பால் குவளைகளோடு ஒரே தண்ணீரில் முக்கினேன்.

"இல்லை, இல்லை. என்ன பண்ணற நீ? மீன் சட்டிய கடைசியில கழுவணும். இது உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

நீ என்றாள். செப்டம்பரிலிருந்து முதல்முறை. அந்த இல்லையும் முதல்முறை.

திரும்பிப் பார்க்காமல், சட்டியைத் தேய்த்துக்கொண்டே, பால் பொங்கிப்போன சண்டையை மெதுவாக மாரியில் சொன்னேன்.

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டோம்" என்றாள் எரிச்சலோடு. "சண்டை போட்டாங்க, பாலு பொங்கிப்போச்சு. அவ்வளவுதான். எதுக்கு ரெண்டையும் ஒண்ணாக் கட்டற? குவளையை உள்பக்கமும் தேய்."

என் முதுகெலும்பு அந்தத் தொட்டியில் போனது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் சிரிக்கிறேன் என்று அவள் கேட்டாள்; சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

ஏப்ரல் 27, சனி

ஈஸ்டர் சுத்தம். சன்னல் துடைத்தேன், எண்பத்தாறு வாக்கியம் கேட்டேன். இருபத்தெட்டுதான் தேறியது. சன்னலும் தேறவில்லை, மறுபடி துடைக்கச் சொன்னாள்.

மே 4, சனி

மொத்தத்தையும் ஓட்டி முடித்தாயிற்று. நூற்றெண்பத்தாறில் நிற்பது அறுபத்தொன்று. மற்றதெல்லாம் நட்சத்திரம், தாள் முழுக்க வானம் போலிருக்கிறது. நான்காம் அத்தியாயம் அறுபது பக்கத்திலிருந்து பத்தொன்பது பக்கமாகச் சுருங்கிவிட்டது. தமிழைப் போலவே எல்லையில்லாமல் ஓடும் மொழி என்று நான் எழுதியது என் ஆசை. மாரிக்கு அதன் எல்லை எங்கே என்று தெரிந்திருக்கிறது.

கைடோவுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: 'சின்னது. இப்போதுதான் நம்புகிறேன்.' எஸ்தோனியாவில் இது மாலை போட்டு மேளம் அடிப்பதற்குச் சமம்.

மே 31-க்குள் முடிந்துவிடும். முடிந்தே விடும்.

மே 15, புதன்

பின்னிணைப்பில் ஒப்புதல் படிவங்களைச் சேர்க்க வேண்டுமாம். கோப்பிலிருந்து எடுத்தேன். தான் பேசியதைப் பதிவு செய்யவும் ஆய்வில் வெளியிடவும் சம்மதம் என்று அச்சிட்டிருக்கிறது. அடியில் அனீஸ்யா கையெழுத்து. செப்டம்பர் 15. அவள் வீட்டுக்குப் போன முதல் சனிக்கிழமை. மாவுக் கையோடு போட்டது, காகிதத்தில் வெள்ளைத் தடம் இன்னும் இருக்கிறது. அவள் அதைப் படிக்கவில்லை. "ஆமாங்க, ஆமாங்க" என்று கையெழுத்திட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினாள்.

படிவம் செல்லும். எல்லா விதிப்படியும் செல்லும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

மே 16, வியாழன்

ஒன்றும் இல்லை என்றால் ஏன் திரும்பத் திரும்ப அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கிறேன்? அச்சகத்துக்குப் போக வேண்டும். அட்டை நிறம் முடிவு செய்ய வேண்டும். கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டால், எல்லாம் போச்சு. கேட்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நன்றாகவே நடந்துகொண்டிருக்கிற ஒன்றை நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நீலம். அட்டை நீலம்.

மே 19, ஞாயிறு

மன்றக் கூட்டம். திரையில் நாற்பது கட்டம், அதில் முப்பதில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. பெயரெச்சம் பற்றி அரைமணி பேசினேன். இரண்டு மொழிகள் ஒன்றைப் போல நடந்துகொள்வதற்குச் சொந்தமாக இருக்கத் தேவையில்லை என்று சொன்னேன். முடித்ததும் பெரியப்பா கேட்டார்.

"ஆகமொத்தம், தமிழ்ல இருந்து வந்ததுதானே அம்மிணி?"

சரிங் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடினேன். அப்புறம் சொன்னேன்: "இல்லீங் பெரீப்பா. அதுக்கு ஆதாரம் இல்லீங்."

எங்கோ ஒரு மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"சரி கண்ணு, ஆதாரம் கெடச்சதும் அடுத்த கூட்டம் போட்டுக்கலாம்" என்றார். நன்றியுரை நடந்தது.

இத்தனை வருடத்தில் பெரியவர் ஒருவருக்கு நான் சொன்ன முதல் இல்லை. அவர் காதில் அது விழவேயில்லை. ஆனால் வானம் இடிந்துவிடவும் இல்லை. மதியம் எலுமிச்சை சாதம் செய்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மே 25, சனி

கேட்டுவிட்டேன்.

மேசையில் உட்கார்ந்து கேட்டால் என்ன வரும் என்று தெரியும். அதனால் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். ரிக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அனீஸ்யா பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் கட்டு போய்விட்டது, கோடு மட்டும் இருக்கிறது.

"அகா, செப்டம்பர்ல ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"நீங்க சொன்னதையெல்லாம் நான் புத்தகத்துல போட்டுக்கலாம்னு அதுல எழுதியிருக்கு. அதுக்கு நீங்க சொன்னது நெசமான ஆமாமா, விருந்தாளிக்குச் சொன்ன ஆமாமா?"

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"இப்ப எதுக்குக் கேக்கற?"

"இப்பத்தான் எனக்குக் கேக்கத் தெரிஞ்சுது."

"வேண்டாம்னு சொன்னா உனக்கு என்ன ஆகும்?"

"அதச் சொல்ல மாட்டேங்க. சொன்னா நீங்க ஆமாம்னு சொல்லிருவீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுத் தட்டை அலமாரியில் வைத்தாள். அப்புறம் எஸ்தோனியத்தில் இல்லாமல் மாரியில் ஒரே சொல்லாகச் சொன்னாள்.

"ஓகிம்."

மாட்டேன் என்று அர்த்தம்.

நான் குழாயை மூடினேன்.

"கோவிச்சுக்காத செல்வா. அது எங்கம்மா பேசுன பாஷை. அந்த மேசையில உக்காந்து ஏழு மாசம் நான் அதுல பொய் சொல்லியிருக்கேன். எம்பேரப் போட்டு ஒரு புத்தகம் வந்து, ஊர்ல யாராவது பாத்தா எனக்கு மானம் போயிரும்."

"பேரு போட வேண்டாங்க. இந்தத் தொட்டிகிட்ட நின்னு சொன்னதெல்லாம் உண்மைதானே? அத மட்டும்..."

"அதுவும் வேண்டாம்." குரல் உயரவில்லை. "யானாவுக்கு நீச்சல் போட்டியில இடம் போச்சு, கூட்டிட்டுப் போக ஆளில்லாம சனிக்கெழம வரலைன்னு. கேனா தெனம் கேக்கறான், அந்தப் பொண்ணு எப்ப முடிக்கும்னு. எனக்கு வாரத்துல ஒரு நாள் காலையில தூங்கணும். மொத சனிக்கெழமையே சொல்லியிருக்கணும், எனக்கு இதுல இஷ்டமில்லைன்னு. நீ கதவத் தட்டிட்ட, அடுப்புல அப்பம் இருந்துச்சு. எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கழற்றி மாட்டிய நீச்சல் பையைப் பார்த்தேனே. உட்கார்ந்தபடி தூங்குகிறவளைப் பார்த்து லயித்துக் கேட்கிறாள் என்று இதே நோட்டில் எழுதினேனே. வாக்கியத்தில் எது சரி, எது தப்பு என்று தரம் பிரிக்க வந்தவளுக்குக் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை. நாங்கள் சிநேகிதிகள் என்றுகூட அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

"சரிங்க அகா" என்றேன்.

"உனக்குக் கஷ்டமா?"

"ஆமாங்க."

மிச்சமிருந்த மீன் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மே 27, திங்கள்

கைடோ படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கையெழுத்து இருக்கு. இது போதும். எதுக்கு மறுபடி கேட்ட?"

"உண்மையான பதில் தெரியணும்னுதான் சார்."

"கேக்காம இருந்திருக்கலாம். யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டாங்க."

"தெரியுங்க சார்."

"பேரை எடுத்துட்டு, 'பேச்சாளர் ஒன்று'ன்னு போடலாம். நாலாம் அத்தியாயம் இல்லாம மே 31 இல்லை. ஜனவரிதான். உனக்கு ஆகஸ்ட்டோட உதவித்தொகை முடியுது. இதையெல்லாம் யோசிச்சியா?"

"யோசிச்சேன். போட முடியாது, கைடோ."

பெயர் வாயில் வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம். அவர் படிவத்தைக் கோப்பில் திருப்பி வைத்தார். ஆகஸ்ட்டுக்கு அப்புறம் என்ன செய்ய முடியும் என்று விசாரிப்பதாகச் சொன்னார். உறுதி எதுவும் தர முடியாது என்றும் சொன்னார். அவர் சொல்கிற இரண்டையுமே நம்பலாம்.

மே 31, வெள்ளி

சமர்ப்பிக்கவில்லை. மற்றவர்கள் நீல அட்டையும் சிவப்பு அட்டையுமாக வரிசையில் நின்றார்கள். நான் துணி துவைத்தேன்.

ஜூன் 1, சனி

காலை ஏழரைக்கே விழிப்பு வந்துவிட்டது, பழக்கம். பல் தேய்த்து, ரிக்கார்டர் பை வரைக்கும் கை போய்விட்டது.

கணினியைத் திறந்து மாரி கோப்புகளை அழித்தேன். முப்பத்து நான்கு சனிக்கிழமை, நாற்பத்தொரு மணிநேரம். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. ஒரு இயந்திரத்துக்குக்கூட இரண்டாம் தடவை கேட்கத் தெரிந்திருக்கிறது. எனக்குச் செப்டம்பரில் தெரியவில்லை.

ஒன்பது மாதத்தில் அனீஸ்யாவிடமிருந்து எனக்குக் கிடைத்ததிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் அந்த ஒரே ஒரு ஓகிம்தான். அதைப் பதிவு செய்யவில்லை. செய்திருந்தாலும் இப்போது அழித்திருக்க வேண்டும்.

ஒன்பது மணி அடிக்கிறது. அந்த வீட்டுக் கதவை இன்று யாரும் தட்டமாட்டார்கள். அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.